பாத் நகரம்: பஸ் டூரில் எட்டிப் பார்ப்பதா, இரண்டு இரவு தங்குவதா?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் வேலை பார்க்கும் ஒருவர், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குக் கூட்டிப்போக நினைக்கிறார். ஸ்டோன்ஹெஞ்சையும் பாத்தையும் ஒரே நாளில் காட்டிவிடும் பஸ் டூர் போதுமா, இல்லை தனியாகப் போய் இரண்டு இரவு தங்குவதா என்று குழப்பம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா சைவம். ஒரு பழைய குளத்தைப் பார்க்க இவ்வளவு செலவு தேவையா என்றும் கேட்டிருக்கிறார்.

தங்குங்கள், இரண்டு இரவும். அந்த பஸ் டூர்களில் பாத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரம்தான், அதுவும் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நண்பகல் வேளை. ரோமன் பாத்ஸை, அதாவது நீங்கள் கேட்ட அந்தப் பழைய குளமும் அதைச் சுற்றிய ரோமானியர் காலக் குளியல் கூடமும் உள்ள இடத்தை, ஒழுங்காகப் பார்க்கவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் வேண்டும். அதன் உள்ளே போனால் ஊரைப் பார்க்க முடியாது, ஊரைப் பார்த்தால் உள்ளே போக முடியாது. காலை பத்து மணிக்கு முன்னாலும் மாலை ஐந்து மணிக்குப் பின்னாலும் டூர் பஸ்கள் இல்லாத நேரத்தில், அந்தத் தேன் நிறக் கல் கட்டடங்களுக்கு நடுவே நடப்பதுதான் இந்த ஊரில் கிடைக்கும் பெரிய சந்தோஷம். காசு கொடுக்க வேண்டாம், ஆனால் அங்கே இரவு தங்கினால்தான் கிடைக்கும்.

"ஒரு பழைய குளம்" என்று நீங்கள் எழுதியதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளத்தைப் புரிந்துகொண்டால் மொத்த ஊரும் புரிந்துவிடும். பாத்தின் நடுவில் மூன்று வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அதில் பெரியதான கிங்ஸ் ஸ்பிரிங்கில் மட்டும் நாள் ஒன்றுக்குச் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் தண்ணீர், 46 டிகிரி செல்சியஸ் சூட்டோடு தானாக மேலே வருகிறது. பக்கத்தில் எரிமலை எதுவும் கிடையாது. தெற்கே மெண்டிப் மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, சுண்ணாம்புப் பாறை வழியாக 2,700 மீட்டரிலிருந்து 4,300 மீட்டர் வரை ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்சூட்டில் காய்ந்து, பாறைப் பிளவுகள் வழியாக இந்த ஒரே இடத்தில் மேலேறி வருகிறது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். குளிர்காலக் காலையில் போனால் குளத்தின் மேல் ஆவி எழுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ரோமானியர் வருவதற்கு முன்பே இங்கிருந்த மக்கள் இந்த ஊற்றைச் சூலிஸ் என்ற தெய்வத்தின் இடமாக வணங்கி வந்தார்கள். ரோமானியர் வந்தபிறகு அந்தத் தெய்வத்தைத் துரத்தவில்லை. தங்கள் அறிவுத் தெய்வமான மினர்வாவோடு சேர்த்து சூலிஸ் மினர்வா என்று ஆக்கிக்கொண்டார்கள், ஊருக்கும் அக்வே சூலிஸ் என்று அவள் பெயரையே வைத்தார்கள். கி.பி. 60, 70களில் கோயில் எழுந்தது. ஊற்றைச் சுற்றியிருந்த சேற்றில் ஓக் மரக் கட்டைகளை அடித்து இறக்கி, ஈயம் பூசிய கல்தொட்டி கட்டி, அதிலிருந்து குளங்களுக்குத் தண்ணீர் எடுத்தார்கள். மிஞ்சிய தண்ணீரை ஏவன் ஆற்றுக்குக் கொண்டுபோக அவர்கள் கட்டிய வடிகால் இன்றும் வேலை செய்கிறது. உள்ளே ஓரிடத்தில் அந்தத் தண்ணீர் கொட்டும் சத்தத்தையே கேட்கலாம். பெரிய குளத்தின் அடியில் 45 ஈயத் தகடுகள் விரித்திருக்கிறார்கள், ஆழம் 1.6 மீட்டர். தண்ணீர் பச்சையாக இருப்பதைப் பார்த்து அப்பா முகம் சுளிக்கலாம்; அது பாசிதான். ரோமானியர் காலத்தில் மேலே உயரமான வளைகூரை இருந்தது, வெயில் படவில்லை, அதனால் பாசியும் இல்லை.

ஒரு விஷயத்தைப் பலரும் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். படங்களில் வரும் அந்தத் தூண்களும், மேல்தளத்தில் நிற்கும் ரோமானியத் தலைவர்களின் சிலைகளும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தவை. தூண்களின் அடிப்பாகத்துக்குக் கீழே இருப்பதுதான் அசல். எனவே மேல்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு சீக்கிரமாகக் கீழே இறங்குங்கள், நேரத்தைக் கீழே செலவழியுங்கள். கோயில் முகப்பில் இருந்த மீசை வைத்த கார்கன் (கிரேக்கக் கதைகளில் வரும் பாம்புத் தலைமுடி அரக்கி) முகம், 1727இல் தெருவில் வடிகால் தோண்டும்போது கிடைத்த மினர்வாவின் தங்க முலாம் பூசிய வெண்கலத் தலை, பக்தர்கள் ஊற்றில் எறிந்த காசுகள் (12,000க்கு மேல் கிடைத்திருக்கின்றன) எல்லாம் அங்கேதான்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தவை சாபத் தகடுகள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகடுகளில் கீறி எழுதி, சுருட்டி, ஊற்றில் போட்டிருக்கிறார்கள். சுமார் 130 கிடைத்திருக்கின்றன. விருத்தாசலம் பக்கம் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்களே, ஏறக்குறைய அதே காரியம். பெரும்பாலும் திருட்டுப் புகார்: குளிக்கப் போனபோது கையுறை போயிற்று, போர்வை போயிற்று, காசு போயிற்று. டாசிலியானஸ் என்ற ஒருவர் தலைமூடி வைத்த அங்கியைப் பறிகொடுத்துவிட்டு, திருடியவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவனோ, அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும் வரை அவனுக்குத் தூக்கமும் பிள்ளையும் இல்லாமல் போகட்டும் என்று சூலிஸிடம் முறையிட்டிருக்கிறார். அரசர்கள், தளபதிகள் பற்றிய கல்வெட்டு எங்கும் கிடைக்கும். ஒரு சாதாரண மனிதனின் வயிற்றெரிச்சல் இவ்வளவு நேராக நம்மிடம் வந்து சேர்வது அபூர்வம். அம்மாவை அங்கே கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள், கண்டிப்பாக ரசிப்பார்.

டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். விலை நாளுக்கு நாள், சீசனுக்கு சீசன் மாறும், வார நாட்களில் குறைவு. ஆடியோ கைடு டிக்கெட்டிலேயே சேர்ந்தது. காலையில் திறக்கும் நேரத்தின் முதல் ஸ்லாட்டை எடுத்தால் குளத்தைச் சுற்றி நின்று நிதானமாகப் பார்க்கலாம். கோடையில் சில வாரங்கள் இரவு வரை திறந்து வைத்து, குளத்தைச் சுற்றித் தீப்பந்தம் ஏற்றுவார்கள். நீங்கள் போகும் நாட்களில் அது இருந்தால் யோசிக்காமல் அந்த மாலை ஸ்லாட்டையே எடுங்கள். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் லிஃப்ட் இருக்கிறது, அப்பா கவலைப்பட வேண்டாம். குளத்தின் ஓரத்துக் கற்கள் மட்டும் தேய்ந்து மேடுபள்ளமாக இருக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குளத்தில் இறங்கக் கூடாது, தண்ணீரைத் தொடவும் வேண்டாம். 1978இல் இந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி, அதிலிருந்த அமீபா கிருமி மூளைக்கு ஏறி இறந்துபோனாள். அதன்பின் ஊரில் ஊற்றுக்குளியலே நிறுத்தப்பட்டது. ஆழமாகப் புதிய துளை போட்டு, கிருமி சேராத இடத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்க ஏற்பாடு செய்து, 2006இல் தெர்மே பாத் ஸ்பா திறந்தபிறகுதான் மக்கள் மறுபடி இந்த நீரில் இறங்கினார்கள். இடையில் கிட்டத்தட்ட ஒரு தலைமுறை, வெந்நீர் ஊற்றுக்காகவே பெயர் வாங்கிய ஊரில் யாரும் அதில் குளிக்க முடியாமல் இருந்தது. இப்போது குளிக்க வேண்டுமென்றால் அந்த தெர்மேதான் வழி: இரண்டு மணி நேரம், மொட்டைமாடியில் ஒரு வெந்நீர்க் குளம், சுற்றிலும் கூரைகளும் தேவாலயக் கோபுரமும் மலையும் தெரியும். பொழுது சாயும் நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். நீச்சலுடை கட்டாயம், ஆணும் பெண்ணும் ஒரே குளம், 16 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. அம்மாவுக்குச் சங்கடமாக இருந்தால் வற்புறுத்தாதீர்கள். அப்பாவின் முழங்காலுக்கு இதமாக இருக்கும், ஆனால் ரத்த அழுத்தமோ இதயத் தொந்தரவோ இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. வார இறுதியில் இந்த இடம் இரைச்சல், போகாதீர்கள். குளிக்காமலே நீரின் ருசி வேண்டுமென்றால் ரோமன் பாத்ஸை ஒட்டியிருக்கும் பம்ப் ரூமில் குடிக்கலாம். வெதுவெதுப்பாக, இரும்பு வாடையோடு இருக்கும், 43 தாதுக்கள் கலந்தது. 18ஆம் நூற்றாண்டில் பணக்காரர்கள் மருந்து என்று தினமும் மூன்று கிளாஸ் வரை குடித்த தண்ணீர், ஒரு வாயாவது குடித்துப் பாருங்கள்.

சரி, குளத்தை விட்டு வெளியே வருவோம். வாசலிலேயே பாத் அபே என்ற பெரிய தேவாலயம். இப்போதைய கட்டடம் 1499இல் ஆலிவர் கிங் என்ற பிஷப் தொடங்கியது. ஏணியில் தேவதைகள் ஏறி இறங்குவதைக் கனவில் கண்டார் என்பது கதை. மேற்கு முகப்பைப் பாருங்கள், இரண்டு பக்கமும் கல் ஏணிகளில் தேவதைகள் ஏறிக்கொண்டிருப்பார்கள், ஒருசிலர் தலைகீழாக இறங்கிக்கொண்டும் இருப்பார்கள். அதற்கு முன்பே இங்கே இருந்த மடத்தில்தான் 973இல் எட்கர் மன்னருக்கு முடிசூட்டினார்கள். பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவின் சடங்குமுறை அன்றைக்கு நடந்ததிலிருந்து வளர்ந்தது. உள்ளே அண்ணாந்து பார்த்தால் விசிறி விசிறியாக விரியும் கல் கூரை. சமீபத்தில் தரையைச் சீர்செய்தபோது, வீணாக ஆற்றுக்குப் போன ஊற்று நீரின் சூட்டை எடுத்துத் தரைக்கு அடியில் குழாய் போட்டு இந்தத் தேவாலயத்தையே வெதுவெதுப்பாக்கியிருக்கிறார்கள், அதே தண்ணீர், அதே சூடு, இரண்டாயிரம் வருஷம் கழித்தும். சுவரும் தரையும் முழுக்க நினைவுக் கற்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்துவிட்டு இங்கே ஓய்வுக்கு வந்து இறந்தவர்களின் பெயர்கள் நிறையக் கண்ணில் படும், நிதானமாக வாசித்துப் பாருங்கள். மக்கள்தொகைக் கோட்பாட்டுக்குப் பேர்போன மால்தஸ் அடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான், அவரும் கம்பெனி ஊழியர்களைப் பழக்கிய கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். கோபுரத்துக்கு 212 படி, அப்பாவைக் கூட்டிப் போகாதீர்கள். மாலை வழிபாட்டு நேரத்தில் போனால் கட்டணம் இல்லை, பாடகர் குழுவின் பாட்டையும் கேட்கலாம். மத நம்பிக்கை எதுவானாலும் அமைதியாக உட்கார யாரும் தடை சொல்வதில்லை.

இப்போது நீங்கள் படங்களில் பார்த்த அந்த வளைந்த கட்டடங்களுக்கு வருகிறேன். 1702, 1703இல் ஆன் ராணி இங்கே நீராட வந்ததும் ஊர் பிரபலமாகிவிட்டது. அதுவரை நெரிசலான சின்ன ஊர். பிறகு மூன்று பேர் அதை மாற்றினார்கள். பியூ நாஷ் என்பவர் விழா நிர்வாகியாக இருந்து, யார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார்: ஊருக்குள் வாள் கட்டக்கூடாது, நடனம் குறித்த மணிக்கு முடிய வேண்டும். ரால்ஃப் ஆலன் தபால் சேவையில் பணம் பண்ணி, கூம் டவுன் மலையில் கல் குவாரிகளை வாங்கினார். ஊரெல்லாம் நீங்கள் பார்க்கும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் அங்கிருந்து வந்ததுதான். கட்டடக் கலைஞர் ஜான் வுட் அந்தக் கல்லில் தெருக்களையே வரைந்தார். அவர் கட்டிய குயின் ஸ்கொயர், 1754இல் அவர் தொடங்கி அதே வருடம் இறந்துபோக அதே பெயர் கொண்ட மகன் ஜான் வுட் முடித்த, வட்டமாக நிற்கும் வீட்டு வரிசையான சர்க்கஸ், மகனே 1767இலிருந்து 1774க்குள் கட்டிய, பிறை வடிவ வீட்டு வரிசையான ராயல் கிரசென்ட், மூன்றையும் ஒரே நடையில் பார்க்கலாம்.

முழங்கால் வலிக்காரருக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. எல்லோரும் கீழேயிருந்து கே ஸ்ட்ரீட் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறுவார்கள். நீங்கள் காலையில் ஒரு டாக்ஸி பிடித்து நேராக ராயல் கிரசென்ட்டில் போய் இறங்குங்கள். அங்கிருந்து பிராக் ஸ்ட்ரீட் வழியாக ஏறக்குறைய சமதளத்தில் நடந்தால் சர்க்கஸ், அங்கிருந்து கே ஸ்ட்ரீட்டில் மெதுவாக இறங்கினால் குயின் ஸ்கொயர், அப்புறம் ஊர் நடு. கிரசென்ட்டில் 30 வீடுகள், 114 தூண்கள், ஒரே வளைவு. முன்னால் புல்வெளி; அதன் நடுவே மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பள்ளச் சுவர், கீழே மேயும் ஆடுமாடுகள் வீட்டுப் பக்கம் வராமல் இருக்க, ஆனால் வேலி கண்ணை மறைக்காமல் இருக்கக் கட்டியது. எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் கட்டாயம் பின்பக்கத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். வுட் முன்சுவரை மட்டும்தான் ஒரே மாதிரி கட்டச் சொன்னார், பின்னால் அவரவர் கட்டடக்காரரை வைத்து இஷ்டம்போல் கட்டிக்கொண்டார்கள். ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று பிதுங்கல். இந்த ஊரின் அழகு எவ்வளவு திட்டமிட்டு உண்டாக்கியது என்பது அங்கேதான் விளங்கும். ஒன்றாம் எண் வீடு அருங்காட்சியகம், மேல்மாடியையும் கீழ்த்தளத்துச் சமையலறையையும் சேர்த்துப் பார்க்கலாம். எனக்குச் சமையலறைதான் முக்கியம்.

சர்க்கஸில் மூன்று வளைவாக 33 வீடுகள். தூண்கள் மூன்று பழைய கிரேக்க, ரோமானியப் பாணிகளில்: கீழ்மாடியில் டோரிக், நடுவில் அயோனிக், மேலே கொரிந்தியன். தூண்களுக்கு மேலே ஓடும் பட்டையில் பாம்பு, கருவிகள், கடல் சின்னங்கள் என்று நூற்றுக்கணக்கான குட்டிச் சிற்பங்கள். கூரை விளிம்பில் கல் ஓக் கொட்டைகள்: பிளாடுட் என்ற இளவரசன் தொழுநோயால் துரத்தப்பட்டுப் பன்றி மேய்த்ததாகவும், ஓக் கொட்டை தேடிப் போன பன்றிகள் வெந்நீர்ச் சேற்றில் புரண்டு நலமானதைப் பார்த்துத் தானும் புரண்டு குணமாகி இந்த ஊரை அமைத்ததாகவும் ஒரு பழங்கதை, அதற்கான அடையாளம். ஓவியர் கெய்ன்ஸ்பரோ இங்கே 17ஆம் எண்ணில் குடியிருந்தார். 14ஆம் எண்ணில் இருந்தவர் ராபர்ட் கிளைவ், நம் ஆற்காட்டுக் கோட்டை முற்றுகையில் 1751இல் பெயர் வாங்கிய அதே கிளைவ். அந்த வாசலில் நின்றால் எனக்கு எப்போதும் மனம் கனக்கும். இந்த ஊரின் கல்லில் வங்காளத்துப் பணமும் ஆற்காட்டைச் சுற்றிய பழைய கர்நாடகப் பகுதியின் பணமும் இருக்கிறது, அதைவிட அதிகமாகக் கரீபியன் தீவுகளில் அடிமைகள் கரும்பு வெட்டிய பணம் இருக்கிறது. ஊருக்கு வடக்கே லான்ஸ்டவுன் மலையில் 1827இல் எழுந்த பெக்ஃபர்ட் கோபுரம் ஜமைக்கா சர்க்கரைத் தோட்டங்களின் வருமானத்தில் வந்தது. அழகை ரசிக்கும்போதே அதையும் அப்பாவிடம் சொல்லுங்கள், இரண்டும் ஒரே கதை.

பல்ட்னி பாலத்தை மாலையில் பாருங்கள். ராபர்ட் ஆடம் வடிவமைத்து 1774இல் முடிந்தது, இருபுறமும் கடைகள், மேலே நடக்கும்போது பாலத்தில் நடப்பதே தெரியாது. கீழே பரேட் கார்டன்ஸ் பக்கம் வந்து பார்த்தால்தான் அணையின் படிகளில் ஏவன் வழிவதும் பாலமும் சேர்ந்து கண்ணில் படும். பாலத்தைத் தாண்டிய அந்தப் பக்கம், கிரேட் பல்ட்னி ஸ்ட்ரீட்டை ஒட்டி அறை எடுத்தால் உங்களுக்கு நல்லது, தரை சமம், ஊர் நடுவுக்குப் பத்து நிமிட நடை. மற்ற திசைகளில் மேப்பில் பக்கத்தில் இருப்பதாகத் தெரியும் விடுதி, நேரில் பார்த்தால் செங்குத்தான மலைமேல் இருக்கும். பதிவு செய்வதற்கு முன் ஏற்றத்தைப் பாருங்கள், லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் பழைய வீடுகளை விடுதியாக்கிய இடங்களில் பெரும்பாலும் இருக்காது.

நேரம் இருந்தால் ஒரே ஒரு அருங்காட்சியகம் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், அது நியூ கிங் ஸ்ட்ரீட் 19ஆம் எண். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்த வில்லியம் ஹெர்ஷல், வீட்டிலேயே உலோகக் கண்ணாடி வார்த்துத் தேய்த்துத் தொலைநோக்கி செய்து, 1781 மார்ச் 13 அன்று அந்த வீட்டின் பின்தோட்டத்திலிருந்து யுரேனஸ் கோளைக் கண்டார். மனித வரலாற்றில் தொலைநோக்கியால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் கோள், ஒரு சாதாரண வரிசை வீட்டுக் கொல்லையில்! தங்கை கரோலின் ஹெர்ஷலும் அதே வீட்டில் அண்ணனுக்குக் கை கொடுத்து, பிறகு தானே வால்மீன்கள் கண்டுபிடித்தவர். அந்த வீடு சின்னது, கூட்டமும் பெரும்பாலும் இருக்காது. குறுகலான படிகள் இருப்பதால் அப்பா கீழ்த்தளமும் தோட்டமும் பார்த்தால் போதும்.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1801 முதல் 1806 வரை இங்கே வாழ்ந்தார், அவர் பெயரில் ஒரு மையமும் உண்டு. அவரை வாசித்தவர் போகலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி, இத்தாலி படையெடுத்து நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தபோது 1936இலிருந்து 1940 வரை இந்த ஊரின் ஃபேர்ஃபீல்ட் ஹவுஸில்தான் இருந்தார், பிறகு அந்த வீட்டை ஊர் முதியோருக்காகக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு வரலாறு பிடிக்கும் என்றால் இந்தச் செய்தி பிடிக்கும். 1942 ஏப்ரல் கடைசியில் ஜெர்மன் விமானங்கள் இரண்டு இரவு குண்டு போட்டதில் 400க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் தப்பிய எளியவர்களின் ஜார்ஜியன் (ஜார்ஜ் மன்னர்கள் காலத்து) வீடுகள் பலவற்றை 1960, 70களில் ஊர் நிர்வாகமே இடித்தது. கிரசென்ட் மாதிரி பெரிய கட்டடங்கள் நின்றன, வேலைக்காரர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த தெருக்கள் போயின. 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும், 2021இல் ஐரோப்பாவின் 11 பெரிய ஊற்று நகரங்களில் ஒன்றாக இரண்டாம் முறை சேர்ந்ததும் அதற்கெல்லாம் பிறகு வந்த மரியாதை.

இதையெல்லாம் யாராவது கூட வந்து சொன்னால் நன்றாக இருக்குமே என்றால், அதற்கும் வழி உண்டு. பாத் மேயரின் கௌரவ வழிகாட்டிகள் என்று ஒரு தொண்டர் குழு 1934 முதல் இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறது. பம்ப் ரூம் வாசலில் தினமும் காலையில் கிளம்புவார்கள், பதிவு வேண்டாம், டிப்ஸ் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் நடை, அப்பாவால் முடியாவிட்டால் நீங்களும் அம்மாவும் போய்விட்டு வாருங்கள், அவர் பம்ப் ரூமில் டீயோடு உட்காரட்டும். நான் காசு கொடுத்துப் போன எந்த டூரையும் விட இது மேல் என்றுதான் சொல்வேன்.

சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. சைவம், வீகன் இரண்டுமே மெனுவில் தனியாகக் குறித்திருக்கும், இந்திய உணவகங்களும் இருக்கின்றன. சாலி லன் வீடு என்ற உணவகத்தில், அதே பெயர் கொண்ட பெரிய மெத்தென்ற பன்னைப் பாதியாக வெட்டி இனிப்போ காரமோ வைத்துத் தருவார்கள், அம்மா இலவங்கப்பட்டை வெண்ணெய் தடவியதைக் கேட்கட்டும். பாத் பன் என்பது வேறு, மேலே சர்க்கரைக் கட்டிகள் ஒட்டிய இனிப்பு பன். இரண்டையும் ஒன்று என்று கடைக்காரரிடம் சொல்லாதீர்கள். பல இடங்களில் இரவு ஒன்பது மணிவாக்கில் சமையலறையை மூடிவிடுவார்கள், தெர்மேயில் மாலை ஸ்லாட் எடுத்திருந்தால் அதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

போக்குவரத்துக்கு ரயில்தான். பேடிங்டனிலிருந்து பாத் ஸ்பா ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து அபேக்கு நடந்தே போய்விடலாம். காலை நெரிசல் நேர டிக்கெட் கொள்ளை விலை, அட்வான்ஸ் டிக்கெட் எடுங்கள். அப்பா அம்மா 60 வயதைத் தாண்டியவர்கள் என்றால் சீனியர் ரயில்கார்டு வாங்கலாம், பிரிட்டிஷ் குடிமக்களாக இருக்க வேண்டும் என்பதில்லை, பாஸ்போர்ட்டைக் காட்டி வயதை நிரூபித்தால் போதும், மூன்றில் ஒரு பங்கு குறையும். இந்த ஒரு பயணத்தில் முழுப்பணம் திரும்பாவிட்டாலும் ஒரு வருடம் செல்லும், மற்ற ஊர்களுக்கும் ஆகும். காரில் வந்தே ஆக வேண்டும் என்றால் லான்ஸ்டவுன், நியூபிரிட்ஜ், ஆட் டவுன் ஆகிய மூன்று இடங்களில் காரை நிறுத்திவிட்டு அங்கிருந்து பஸ்ஸில் வரலாம், ஊருக்குள் பார்க்கிங் தேடுவது பெரும்பாடு.

நாட்களைப் பொறுத்தவரை செவ்வாய் அல்லது புதன் போய் வியாழன், வெள்ளி திரும்புங்கள். வார இறுதியில் அறை விலை ஏறும், பல விடுதிகள் சனிக்கிழமை ஒரு இரவுக்கு மட்டும் தரவும் மாட்டா. நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரங்களில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும், அபேயைச் சுற்றி நகர முடியாத கூட்டம். சந்தைக்காகவே போகிறவர்கள் போகட்டும், முழங்கால் வலியோடு வருபவருக்கு அது வேண்டாம்.

ஸ்டோன்ஹெஞ்ச் விட்டுப்போகிறதே என்று வருத்தமாக இருந்தால் அதை வேறொரு நாள் லண்டனிலிருந்து சாலிஸ்பரி ரயிலில் போய் அந்த ஊர்த் தேவாலயத்தோடு சேர்த்துப் பாருங்கள். பாத்தின் மூன்றாவது நாளில் கை நிறைய நேரம் மிஞ்சினால் பிராட்ஃபர்ட் ஆன் ஏவன் போய் வரலாம், ரயிலில் கால் மணி நேரம், ஸ்டேஷனுக்கு அருகிலேயே 14ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒன்றும், பாலத்தைத் தாண்டினால் சாக்சன் காலத்துச் சின்னத் தேவாலயம் ஒன்றும் இருக்கின்றன, மதியச் சாப்பாட்டுக்கு ஆற்றங்கரையில் இடம் கிடைக்கும். பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம்.